முன்பல்லுக்குப் பின்னால் வீக்கமா? பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். இங்கே தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பலர், மேல் அண்ணத்தில் வீக்கம் வந்தாலே "பல்லு சொத்தையா இருக்கும் டாக்டர், புடுங்கிடுங்க" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத, மூக்கு-அண்ணக் குழாய் நீர்க்கட்டியாகவும் (nasopalatine duct cyst) அது இருக்கலாம்.

(திரையில்: மேல்தாடைப் படம். முன்பற்களுக்குப் பின்னால் ஒரு துளை)

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, பின்பக்கம் நாக்கு நுனியை வையுங்கள். சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். அதற்கு அடியில் எலும்பில் இருக்கும் துளைதான் இது. கருவில் இருக்கும்போது மூக்கையும் வாயையும் இணைக்கும் குழாய் ஒன்று இந்த வழியாகத்தான் போகும். பிறப்பதற்குள் அது மறைந்துவிடும். சிலருக்கு அதன் செல்கள் கொஞ்சம் உள்ளேயே தங்கி, பல வருடம் கழித்து நீர் கோத்துப் பையாக வளரும். பல்லிலிருந்து உண்டாகாத தாடை நீர்க்கட்டிகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்காரர்களுக்கு வருகிறது, ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

பலருக்கு வலியே இருக்காது. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியவரும். சிலருக்கு அண்ணம் வீங்கும், முன்பற்கள் விலகும். கட்டியிலிருந்து நீர் கசிந்தால் வாய் உப்புக் கரிக்கும். "பேஸ்ட் மாத்திப் பார்த்தேன் டாக்டர், உப்பு போகவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் அண்ணத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

(திரையில்: இடுக்கியில் பஞ்சு உருண்டை, முன்பல்லைத் தொடுகிறது)

முக்கியமான சோதனை இதுதான். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து ஒவ்வொரு முன்பல்லிலும் வைப்போம். சுள்ளென்று உறைத்து, பஞ்சை எடுத்ததும் அடங்கினால் பல் உயிரோடு இருக்கிறது. செத்த பல்லின் வேர் நுனியிலும் கட்டி வரும். அதற்கு வேர் சிகிச்சை வேண்டும். உயிருள்ள பல்லுக்கு அதைச் செய்தால் பல்தான் கெடும், கட்டி அப்படியே இருக்கும். பிடுங்கினாலும் அதே கதைதான். நல்ல பல்லை வீணாக இழந்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் முன்பல் வேர்களுக்கு நடுவே வட்டமாக, சில நேரம் இதய வடிவத்தில் கருப்பாகத் தெரியும். மூக்கடி எலும்பு முனையின் நிழல் கட்டியின் மேலே விழுவதால்தான் அந்த இதய வடிவம். இயல்பான துளையும் கருப்பாகவே தெரியும் என்பதால், அளவு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவோம்.

சரி, ஆபரேஷன். இங்கிருந்து கடிதம் கொடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாய்த்தாடை அறுவைப் பிரிவுக்கு அனுப்பலாம். சிறிய கட்டி என்றால் மரத்துப்போக ஊசி போட்டே முடித்துவிடுவார்கள். பல்லோரமாகக் கீறி, அண்ணத் தோலை முழுத் தடிமனோடு பின்னுக்குத் தூக்கி, கட்டியின் சுவரை எலும்பிலிருந்து உரித்து எடுப்பார்கள். அந்தத் துளை வழியே வரும் நரம்பைப் பெரும்பாலும் வெட்ட வேண்டிவரும். அதனால் முன்பற்களுக்குப் பின்னால் சின்ன இடம் மரத்துப்போகும். பலருக்கு நாளடைவில் அது கவனத்திலேயே இருக்காது. ரொம்பப் பெரிய கட்டி என்றால் முதலில் கட்டியில் ஒரு திறப்பு வைத்து நீரை வடியவிட்டு, சுருங்கிய பிறகு எடுப்பதும் உண்டு.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். வெற்றிலை பாக்குப் போடும் அக்காமார் பலர், வீக்கம் என்றதும் புற்றுநோயோ என்று பயந்து வராமலே இருந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டி புற்றாக மாறுவது மிகமிக அபூர்வம். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் இது எந்தக் கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பயப்படுகிறவர்கள்தான் முதலில் வரவேண்டும்.

தையல் ஆறும்வரை சூடான சாப்பாடும் முறுக்கும் வேண்டாம், கஞ்சி போதும். சிகரெட்டையும் வெற்றிலையையும் தொடாதீர்கள். முழுவதும் எடுத்துவிட்டால் திரும்ப வருவது குறைவு. உள்ளே எலும்பு நிறையப் பல மாதம் ஆகும் என்பதால், நடுவில் எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டால் வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.