முதலை இருக்கிற சதுப்புக்குள்ள ஏன் ஓடினாங்க? | லூசியானா: ஒரு நாள் டூர்ல தோட்டமும் சதுப்பும்

[திரையில்: பாசி படிஞ்ச தண்ணி. ரெண்டு கண் மட்டும் தெரியுது.]

கண்ணும் மூக்கு நுனியும்தான் வெளிய தெரியுது. மீதி மூணு மீட்டர் உடம்பு தண்ணிக்கு அடியில கிடக்கு.

இந்தத் தண்ணிக்குள்ள ராத்திரியில, குடும்பம் குடும்பமா இறங்கி ஓடினவங்க இருக்காங்க. வழி தவறி வந்தவங்க இல்ல, இங்கதான் வரணும்னு முடிவு பண்ணி வந்தவங்க. முதலை, விஷப் பாம்பு, கொசு எல்லாம் இருக்குன்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் ஏன் வந்தாங்க? அதுக்கான பதில் இங்கிருந்து கொஞ்ச தூரத்துல, அழகான ஒரு வெள்ளை மாளிகைக்குப் பின்பக்கம் இருக்கு.

வணக்கம் மக்களே! இன்னைக்கு நாம போறது அமெரிக்காவுல லூசியானா. நியூ ஆர்லியன்ஸுக்குச் சுற்றுலா போறவங்க நிறைய பேர் எடுக்கிற ஒரு நாள் டூர் இது. காலையில ஓட்டல் பக்கத்துல பஸ் வந்து ஏத்திக்கும். பாதி நாள் பழைய கரும்புத் தோட்டம், பாதி நாள் சதுப்புல படகு. விளம்பரத்துல ஒரு பக்கம் மாளிகை, இன்னொரு பக்கம் முதலை. சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயத்தை ஒரே டிக்கெட்ல கட்டிட்ட மாதிரி இருக்கும். ஆனா தோட்டமும் சதுப்பும் ஒரே கதையோட ரெண்டு பாதி. தோட்டத்துல அடிமையா இருந்தவங்கதான் சதுப்புக்குள்ள ஓடினவங்க. அதைப் புரிஞ்சுக்கிட்டுப் போனா இந்த டூரே வேற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் இந்த வீடியோ.

வரலாறை வேகமா முடிச்சிடுவோம். 1718ல பிரெஞ்சுக்காரங்க நியூ ஆர்லியன்ஸை உருவாக்குறாங்க. அப்புறம் ஸ்பெயின் ஆட்சி. 1803ல அமெரிக்கா விலைக்கு வாங்குது. ஆரம்பத்துல இங்க முக்கியமான பயிர் அவுரி, அதாவது நீலச் சாயம். 1795ல எத்தியென் டி போரேங்கிறவர் லூசியானாக் கரும்புல இருந்து வியாபார அளவுல சர்க்கரையைப் படிகமாக்கிக் காட்டுறார். அதே சமயம் ஹெய்ட்டியில அடிமைகள் புரட்சி பண்ணி, உலகத்தோட பெரிய சர்க்கரைக் களஞ்சியமே ஸ்தம்பிச்சுப் போயிருக்கு. இங்க மிசிசிப்பி ஆத்தங்கரை முழுக்கக் கரும்பு ஏறிடுச்சு. அவ்வளவுதான் வரலாறு.

[திரையில்: பழைய நில வரைபடம். ஆத்துல இருந்து நீள நீளமா கோடுகள்.]

இப்ப இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. பொதுவா ஆத்தை நோக்கிப் போனா நிலம் பள்ளமாத்தானே போகும்? இங்க தலைகீழ். மிசிசிப்பி ஒவ்வொரு வெள்ளத்துலயும் வண்டலைக் கரையிலேயே கொட்டிட்டுப் போயிருக்கு. அதனால ஆத்தங்கரைதான் மேடு. ஆத்தை விட்டு விலக விலக நிலம் இறங்கிட்டே போய்க் கடைசியில சதுப்புல முடியும்.

மேட்டு நிலம் எல்லாருக்கும் வேணும், படகுத்துறையும் எல்லாருக்கும் வேணும். அதனால நிலத்தைச் சதுரமா வெட்டாம நாடா நாடாவா வெட்டினாங்க. முன்பக்கம் ஆறு, அடுத்தது மாளிகை, அதுக்குப் பின்னாடி அடிமைகளோட குடிசைகள், ஆலை, கரும்பு வயல், கடைசியில சதுப்பு. ஆத்துல இருந்து சதுப்பு வரைக்குமான நீளத்தை ஆர்ப்பாங்கிற பிரெஞ்சு அளவுல அளந்தாங்க. நாப்பது ஆர்ப்பாங்கிறது வழக்கமான நீளம், அதாவது ரெண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சதுப்பு எங்கேயோ தூரத்துல இருந்த காடு இல்ல, ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதுதான் கொல்லைப்புறம். ஆத்துப் பக்கம் போனா சாலை, ஆளுங்க, காவல். கொல்லைப் பக்கம் போனா தண்ணியும் இருட்டும்.

சரி, ஓட வச்ச வேலை என்ன? கரும்பு வெட்டு அக்டோபர்ல ஆரம்பிக்கும். உறைபனி விழுறதுக்குள்ள முடிக்கணும், விழுந்தா கரும்பு கெட்டுடும். அதனால ஆலை ராத்திரி பகலா ஓடும். நீளமான ஒரே அடுப்பு, அது மேல வரிசையா கொப்பரைங்க, பெருசுல இருந்து சின்னது வரைக்கும். கொதிக்கிற சாறை நீளக் கரண்டியில மொண்டு ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு ஊத்திட்டே போகணும். கடைசிக் கொப்பரையில பதம் பார்த்து இறக்கணும். ஒரு நிமிஷம் தாமதமானா பாகு கருகிடும், கண் அசந்தா கை வெந்துடும். தூக்கமே இல்லாம மாசக்கணக்குல இந்த வேலை. லூசியானாக் கரும்புத் தோட்டங்கள்ல அடிமைகளுக்குள்ள பிறப்பை விட இறப்பு அதிகம்.

இந்தக் கொப்பரை முறைக்கு மாத்து கண்டுபிடிச்சவரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்தான். நார்பர் ரிலியூ, சுதந்திரக் கருப்பினத்தவர், பாரிஸ்ல படிச்சவர். மூடின கலங்கள்ல, ஒண்ணோட நீராவியை வச்சே அடுத்ததைக் கொதிக்க வைக்கிற அவரோட முறைக்கு 1840கள்ல காப்புரிமை கிடைச்சுது. இன்னைக்கும் உலகம் முழுக்க சர்க்கரை ஆலைகள் அந்தக் கொள்கையிலதான் ஓடுது. அவருக்குத் தனி வீடியோ போடணும், போடுறேன்.

டூர்ல எந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது? என் பதில் விட்னி. நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், வாலஸ்ங்கிற ஊர். 1752ல ஒரு ஜெர்மன் குடியேறி ஆரம்பிச்ச தோட்டம். நியூ ஆர்லியன்ஸ் வக்கீல் ஜான் கம்மிங்ஸ் அதை வாங்கி, செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக் கூட சேர்ந்து, முழுக்க அடிமைப்பட்டவங்க பக்கத்துல நின்னு கதை சொல்ற அருங்காட்சியகமா 2014 டிசம்பர்ல திறந்தார். மத்த தோட்டங்கள் ரொம்பக் காலம் பீங்கான் தட்டையும் சரவிளக்கையும் காட்டிட்டு இருந்த ஊர்ல இது பெரிய காரியம்.

விட்னியோட பழைய தேவாலயத்துக்குள்ள போனா பெஞ்சு பக்கத்துல, கதவோரத்துல நிஜ உருவ அளவுலேயே குழந்தைங்க நிக்குறாங்க. வுட்ரோ நாஷ் செஞ்ச களிமண் சிற்பங்கள். ஏன் எல்லாமே குழந்தைங்க? 1930கள்ல அரசாங்கத் திட்டம் ஒண்ணுல, அடிமையா இருந்தவங்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தாங்க. அப்ப அவங்க எல்லாம் வயசானவங்க. ஆனா அடிமைமுறை முடிஞ்சப்ப அவங்க குழந்தைங்க. அவங்க சொன்னது குழந்தைக் கண்ணுல பார்த்த கதை, அதனால சிற்பமும் அந்த வயசுல நிக்குது. இன்னொரு பக்கம் அந்தப் பாரிஷ்ல, அதாவது அந்த மாவட்டத்துல, சின்னஞ்சிறு வயசுலேயே இறந்துபோன சுமார் 2,200 அடிமைக் குழந்தைகளோட பேர் கல்லுல வெட்டியிருக்கு. அங்க நேரம் எடுத்துக்கோங்க, பஸ் காத்திருக்கும்.

அதே கரையில இன்னும் கொஞ்சம் மேல போனா ஓக் ஆலி. நீங்க படத்துல பார்த்திருக்கிற இடம். ரெண்டு வரிசையா 28 ஓக் மரங்கள், நடுவுல பாதை, அந்தக் கோடியில 1830கள்ல கட்டின மாளிகை. எல்லாரும் அந்த மரத்தடியில நின்னு படம் எடுக்குறாங்க. நான் உங்ககிட்ட பேச ஆசைப்படுறது இப்ப அங்க இல்லாத மரங்களைப் பத்தி.

[திரையில்: பெக்கான் கொட்டை, கிட்டக்காட்சி.]

பெக்கான் அமெரிக்காவோட சொந்தக் கொட்டை. அதுல ஒரு பிரச்சினை. மாங்கொட்டையைப் போட்டா தாய் மரத்துப் பழம் அப்படியே வராது, புளிக்குமா இனிக்குமான்னு காய்ச்சாத்தான் தெரியும். பெக்கானும் அதே மாதிரிதான். அருமையான மரம் ஒண்ணு கிடைச்சாலும் கொட்டை போட்டு அதைப் பெருக்க முடியாது. ஒட்டுக் கட்டித்தான் ஆகணும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர்கிட்ட மெல்லிசு ஓடுள்ள அருமையான மரம் ஒண்ணு இருந்துச்சு. ஒட்டுக் கட்டிப் பார்த்தார், பிடிக்கல. நுனிக் குச்சிகளை ஓக் ஆலிக்குக் கொடுத்தனுப்பினார்.

அங்க தோட்ட வேலை பார்த்தவர் அந்துவான், ஓர் அடிமை. 1840களோட நடுவுல அவர் 16 மரத்துல ஒட்டுக் கட்டினார். பிடிச்சுக்கிச்சு! அது எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு ஒட்டுக் கட்டினவங்களுக்குத் தெரியும். குச்சியைச் சீவுற கத்தி ஒரே இழுப்புல போகணும். பட்டைக்கு அடியில நூல் கனத்துக்கு ஒரு பச்சைப் படலம் இருக்கும். குச்சியோட படலமும் மரத்தோட படலமும் சரியா தொடணும், தள்ளிப் போனா செத்துடும். வெட்டின இடம் காயக் கூடாது, தண்ணி இறங்கவும் கூடாது. பெக்கான் இதுல ரொம்பப் பிடிவாதமான மரம். படிச்ச தோட்டத்துக்காரருக்கு வராத கை அந்துவானுக்கு வந்துச்சு.

1848ல தோட்டத்தோட சொத்துக்களைக் கணக்கெடுக்குறாங்க. அந்தப் பட்டியல்ல மாடு, வண்டி கணக்கா அந்துவானும் இருக்கார். வயசு 38, தோட்டக்காரர், பெக்கான் ஒட்டுக் கட்டுறதுல நிபுணர், மதிப்பு 1,000 டாலர். மனுஷனோட திறமையை எழுதி, அதுக்குப் பக்கத்துலேயே விலையும் போட்டிருக்காங்க. அவர் கட்டின ஒட்டுல வந்த கொட்டை 1876ல பிலடெல்பியாவுல நடந்த அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில பரிசு வாங்குச்சு. சென்டெனியல்னு பேர் வச்சாங்க. பேர் சூட்டப்பட்ட முதல் பெக்கான் ரகம் அதுதான். பரிசு அப்போதைய தோட்ட முதலாளி பேருக்குப் போச்சு. அந்த மரங்களைப் பின்னால கரும்பு போடுறதுக்காக வெட்டிட்டாங்க. அமெரிக்காவுல பெக்கான் பெரிய தொழிலா வளர்ந்ததுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்துவானோட கைதான்னு நான் சொல்வேன். ஓக் ஆலி போனா வழிகாட்டிகிட்ட அவரைப் பத்திக் கேளுங்க. கேட்கக் கேட்கத்தான் சொல்வாங்க.

இப்ப படகுல ஏறுவோம். காத்தாடி வச்ச வேகப் படகு, மெதுவாப் போற தட்டைப் படகுன்னு ரெண்டு வகை உண்டு. தட்டைப் படகை எடுங்க. வேகப் படகுல காதை மூடிக்கிட்டுத்தான் போகணும், பறவைச் சத்தம் ஒண்ணும் கேட்காது.

தண்ணிக்குள்ளேயே நிக்கிற மரங்கள் வழுக்கை சைப்ரஸ். ஊசியிலை மரம்தான், ஆனா குளிர்காலத்துல இலையை உதிர்த்துடும். பழைய சைப்ரஸ் கட்டை லேசுல மக்காது. கிளையில சாம்பல் நிறத்துல தாடியா தொங்குறது ஸ்பானியப் பாசி. உண்மையில அது பாசியே இல்ல, அன்னாசிக் குடும்பம். அந்தத் தாடியைக் களிமண்ணுல பிசைஞ்சு, சைப்ரஸ் கட்டைச் சட்டத்துக்கு நடுவுல அடைச்சுத்தான் இங்க பழைய வீடுகளோட சுவரை எழுப்பினாங்க. தோட்டத்து வீடே சதுப்புல இருந்து வந்ததுதான்.

தப்பிச்சவங்க கதைக்கு வருவோம். ஓடிப் போனவங்களைப் பிடிச்சு உடனே திரும்ப இழுத்துட்டு வந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. சதுப்புக்குள்ள ஊரே கட்டினாங்க. 1780கள்ல, ஸ்பெயின் ஆட்சியில, நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழே போர்ன் ஏரிப் பக்கம் இருந்த குடியிருப்புகளோட தலைவர் ஜான் சான் மாலோ. ஆண், பெண், குழந்தைன்னு குடும்பமா இருந்தாங்க. மீன் பிடிச்சாங்க, கூடை முடைஞ்சாங்க. எனக்கு வியப்பா இருந்த விஷயம், சைப்ரஸ் மரத்தை வெட்டி, செதுக்கி, மர ஆலைக்காரங்களுக்கு வித்தாங்க. தப்பி ஓடினவங்கன்னு தெரிஞ்சேதான் ஆலைக்காரங்க வாங்கினாங்க. ராத்திரியில தோட்டத்துக் குடிசைகளுக்கு வந்து சொந்தக்காரங்களைப் பார்த்துட்டும் போனாங்க. கொல்லைப்புறம்தானே!

படை அனுப்பிப் பிடிச்சாங்க. 1784 ஜூன் 19, இன்னைக்கு ஜாக்சன் சதுக்கம் இருக்கிற இடத்துல சான் மாலோவைத் தூக்குல போட்டாங்க. அந்தத் தேதியைக் கவனிங்க. 1865ல அதே ஜூன் 19 அன்னைக்குத்தான் டெக்சஸ்ல அடிமை விடுதலை அறிவிப்பு வாசிச்சாங்க. இப்ப அது அமெரிக்காவுல தேசிய விடுமுறை நாள். தற்செயல்தான், ஆனா எனக்கு மறக்கவே மாட்டேங்குது. பின்னால அந்த ஏரிக்கரையில பிலிப்பைன்ஸ் மீனவர்கள் கம்பம் நட்டு அது மேல வீடுகள் கட்டி ஓர் ஊர் அமைச்சாங்க, ஊர் பேரும் சான் மாலோ. 1915 புயல் அதை அடிச்சுட்டுப் போயிடுச்சு.

முதலைக்காகக் காத்திருக்கிறவங்க இப்ப வாங்க! இது அலிகேட்டர்ங்கிற முதலை வகை. வாய் மூடியிருக்கும்போது கீழ்ப்பல் வெளிய தெரியாது, அதை வச்சு அடையாளம் காணலாம். தாய் முதலை மக்குற செத்தையைக் குவிச்சு முட்டை இடும், அந்தச் சூடுதான் அடைகாக்கும். 33 டிகிரி பக்கம் இருந்தா ஆண், 30க்குக் கீழ இருந்தா பெண். 1967ல அழியும் நிலைப் பட்டியல்ல சேர்த்தாங்க, 1987ல மீண்டுடுச்சுன்னு அறிவிச்சாங்க. சில படகுக்காரங்க மார்ஷ்மெல்லோ போட்டுக் கூப்பிடுவாங்க. நான் அதை விரும்பல. மனுஷன்னா தீனின்னு முதலைக்குப் பழக்கிட்டா பின்னால சாகப் போறது முதலைதான். தீனி போடாத படகை விசாரிச்சு எடுங்க.

ஆரஞ்சுப் பல்லோட ஒரு பெரிய எலி மாதிரி தெரிஞ்சா அது நியூட்ரியா. ரோமத்துக்காக 1930கள்ல தென் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தது. இப்ப சதுப்புப் புல்லை வேரோட தின்னு தீர்க்குது. ஒரு வாலுக்கு 6 டாலர்னு மாநிலமே சன்மானம் கொடுக்குது. லூசியானாக் கரையோரம் 1932ல இருந்து 2016 வரைக்கும் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணியாயிடுச்சு. ஆத்துக்குக் கரை கட்டினதும், எண்ணெய்க் கால்வாய் வெட்டினதும் அதுல பெரிய காரணங்கள்.

போறவங்களுக்கு: ஏப்ரல், மே இல்லன்னா அக்டோபர் நல்லது. குளிர்ல முதலை வெளிய வராது, கோடையில வெயில் தாங்காது. கொசு மருந்து, தண்ணி, தொப்பி கட்டாயம். காலையில தோட்டம், மதியம் படகுன்னு வர்ற டூரா எடுங்க. சதுப்பை முதல்ல பார்த்துட்டா அது வெறும் முதலைக் காட்சியாப் போயிடும்.

ஒரு வேண்டுகோள். உங்க வீட்லயோ ஊர்லயோ ஒட்டுக் கட்டுறவங்க இருந்தா, அவங்க எப்படிக் கட்டுறாங்க, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, முடிஞ்சா அவங்க பேரோட. லைக் போடுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க. அடுத்த வீடியோ ரிலியூவோட சர்க்கரைக் கலங்கள்.