குறுங்கவிதை எழுதி ஆங்கிலம் கற்போம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் படித்து, நாளிதழைத் தடையின்றிப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேர்ந்த பிறகும், சொந்தமாக நான்கு வாக்கியங்கள் எழுத வேண்டிய இடத்தில் தயங்கி நிற்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவோ உழைப்போ குறைவு என்று சொல்ல முடியாது. ஒரு மொழியைப் புரிந்துகொள்வது ஒரு திறன். அதில் புதிதாக ஒன்றை ஆக்குவது வேறொரு திறன். கனடாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே படிக்கும் வகுப்புகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர், 1985இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். அந்தக் குழந்தைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்டுக் கேட்டு நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் அவர்களுடைய இலக்கணம் பிரெஞ்சுக் குழந்தைகளின் இலக்கணத்துக்கு இணையாக வரவில்லை. கேட்பவர் சூழலையும் சில சொற்களையும் வைத்துப் பொருளை ஊகித்துவிடலாம். சொல்பவர் ஒவ்வொரு விகுதியையும் தாமே தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்குத் தள்ளப்படும்போதுதான் தமக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்கே தெரியவருகிறது என்பது அவருடைய கருத்து.

ஆகவே எழுதிப் பழக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எதை எழுதிப் பழகுவது என்பதுதான் கேள்வி. கட்டுரை எழுதச் சொன்னால், கற்பவர் இரண்டாவது பத்தியிலேயே களைத்துவிடுகிறார். அதில் உள்ள எல்லாப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தால், சிவப்பு மையைக் கண்டு மனம் சோர்கிறாரே ஒழிய, எந்தப் பிழையையும் நின்று ஆராய்வதில்லை. நாட்குறிப்பு நல்ல பழக்கம்தான் என்றாலும், ஏற்கெனவே தெரிந்த பத்துப் பன்னிரண்டு வாக்கிய அமைப்புகளையே அது திரும்பத் திரும்ப எழுத வைக்கிறது. மூன்று வரிகளும் பத்துச் சொற்களும் கொண்ட ஒரு குறுங்கவிதையிலோ, ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்து, ஏன் இந்தச் சொல், ஏன் இந்த வடிவம், ஏன் இந்த இடம் என்று கேட்க நமக்கு நேரமும் பொறுமையும் கிடைக்கின்றன. அழகுணர்ச்சிக்காக மட்டும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. அளவுக் கட்டுப்பாடு என்ற ஒன்று கவிதையில் இருப்பதால், இலக்கணப்படி சரியாக இருக்கும் இரண்டு தொடர்களில் எது பொருத்தமானது என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அது நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தத் தேர்வில்தான் மொழி நம் வசப்படத் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மழை ஓய்ந்திருக்கிறது, ஓர் இலையின் நுனியில் கடைசித் துளி நிற்கிறது. இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் எழுத முனையும் ஒருவர் முதலில் இப்படி எழுதக்கூடும்: "த ரெய்ன் வாஸ் ஸ்டாப்ட் அண்ட் ஒன் லீஃப் இஸ் ஹேவிங் லாஸ்ட் வாட்டர் ட்ராப்." இதைக் கவிதையாகச் சுருக்கத் தொடங்குங்கள். "வாஸ் ஸ்டாப்ட்" என்றால் மழையை யாரோ நிறுத்தினார்கள் என்று பொருள்படும். மழை தானே நின்றது, அதன் விளைவு இப்போது கண்முன் இருக்கிறது என்பதற்கு "ஹாஸ் ஸ்டாப்ட்" என்று வரவேண்டும். "ஒன் லீஃப்" என்பது எண்ணிக்கையை வலியுறுத்துகிறது. ஏதோ ஓர் இலை என்பதற்கு "எ லீஃப்" போதும். தன்னிடம் இருப்பதைக் குறிக்கும்போது "ஹேவ்" என்ற வினை "இங்" விகுதியை ஏற்பதில்லை. அதை நீக்கிவிட்டு வேறு வினை தேடினால் "ஹோல்ட்ஸ்" கிடைக்கிறது, இலை துளியைப் பிடித்திருக்கும் காட்சியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. மழை என்று சொன்ன பிறகு துளிக்கு "வாட்டர்" தேவையில்லை. கடைசித் துளி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் அதற்கு முன்னால் "த" வரவேண்டும். இப்போது கவிதை இப்படி நிற்கிறது:

ரெய்ன் ஹாஸ் ஸ்டாப்ட்.
எ லீஃப் ஹோல்ட்ஸ்
த லாஸ்ட் ட்ராப்.

ஒன்பது சொற்கள். ஒவ்வொன்றும் ஒரே அசை கொண்டது. உரைநடையில் "த ரெய்ன் ஹாஸ் ஸ்டாப்ட்" என்றுதான் சொல்ல வேண்டும். கவிதையின் செறிவுக்காக அந்த "த" விடப்பட்டிருக்கிறது, அது விடப்பட்டிருக்கிறது என்பதும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எ", "த" ஆகிய சுட்டு இடைச்சொற்களைப் போன்றவை தமிழில் இல்லாததால், தமிழர்கள் ஆங்கிலத்தில் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான். விதிகளை ஒப்பிக்கும்போது பிடிபடாத இந்த நுட்பம், ஏதோ ஓர் இலைக்கும் அந்தக் கடைசித் துளிக்கும் இடையே நாமே தீர்மானம் செய்யும்போது பிடிபடுகிறது.

அசை என்று சொன்னேன். இங்கே நான் குறிப்பது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே வீச்சில் ஒலிக்கும் பகுதியை. நேரசை, நிரையசை என்று நம் யாப்பிலக்கணம் வகுப்பதிலிருந்து இது சற்று வேறுபட்டது. கவிதைக்காக ஆங்கில அசைகளை எண்ணத் தொடங்கினால், நாம் கவனிக்காமல் விட்ட உச்சரிப்புச் செய்திகள் பல வெளிப்படுகின்றன. "ஸ்கூல்" என்பது ஆங்கிலத்தில் ஒரே அசை. முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து "இஸ்கூல்" என்று சொல்லும் நாவுக்கு அது இரண்டாகிவிடுகிறது. "ஃபிலிம்" என்று நாம் இரண்டு அசையாக ஒலிப்பதும் அங்கே ஒன்றுதான். இறந்தகால வினைகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் பயன்படும். "ஸ்டாப்ட்", "வாக்ட்" என்பவற்றின் இறுதியில் இரண்டு எழுத்துகள் சேர்ந்தாலும் அசை கூடுவதில்லை. "வான்டட்", "நீடட்" என்பவற்றில் ஓர் அசை கூடுகிறது. வினையின் அடிச்சொல் டகர ஒலியில் முடிந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் அசை வரும் என்ற விதியை, வரியின் அளவு சரியாக வருகிறதா என்று விரல்விட்டு எண்ணும்போது காதே கற்றுக்கொள்கிறது.

அளவுக் கட்டுப்பாடு சொல் தேர்வையும் மாற்றுகிறது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பழைய ஆங்கிலச் சொற்களின் மேல் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் இலத்தீன் சொற்களும் அடுக்கடுக்காக வந்து படிந்தன. அதனால் ஒரே பொருளுக்கு "ஹெல்ப்" என்ற சொல்லும் "அசிஸ்டன்ஸ்" என்ற சொல்லும், "பை" என்ற சொல்லும் "பர்ச்சேஸ்" என்ற சொல்லும், "பிகின்" என்ற சொல்லும் "கமென்ஸ்" என்ற சொல்லும் அருகருகே வாழ்கின்றன. பாடநூல் வழியாகவும் அலுவலகக் கடிதங்கள் வழியாகவும் ஆங்கிலம் கற்றவர்களிடம் நீண்ட சொற்களே முந்திக்கொண்டு வருகின்றன. வீட்டில் பேசப்படும் எளிய சொற்கள் பின்தங்கிவிடுகின்றன. ஐந்து அசைகளுக்குள் ஒரு வரியை முடிக்க வேண்டியவருக்கு மூன்று அசைச் சொல் கட்டுப்படியாகாது. அவர் குட்டைச் சொல்லைத் தேடுகிறார்; தேடிக் கண்டது பெரும்பாலும் பேச்சு வழக்கில் உயிரோடு இருக்கும் சொல்லாகவே அமைகிறது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச விரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு பயனே போதுமான காரணம் என்பேன்.

அசைக்கு அடுத்தது அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்தப் பகுதியை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் "ரெக்கார்ட்" என்பதன் முதல் அசையை அழுத்தினால் அது பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் அது வினைச்சொல். "போட்டோகிராஃப்" என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், படம் எடுப்பவரைக் குறிக்கும் "ஃபொட்டாகிரஃபர்" என்ற சொல்லில் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. எல்லா அசைகளையும் ஒரே அளவாக ஒலித்துப் பழகிய நமக்கு இதைக் கற்பிக்க லிமரிக் என்னும் ஐந்து வரி வேடிக்கைப் பாட்டைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. 1846இல் எட்வர்ட் லியர் வெளியிட்ட தொகுப்பு அதைப் பரவலாக்கியது. அதன் முதல், இரண்டாம், ஐந்தாம் வரிகளில் மும்மூன்று அழுத்தங்களும், மூன்றாம், நான்காம் வரிகளில் இரண்டிரண்டு அழுத்தங்களும் விழ வேண்டும். அழுத்தம் தவறான அசையில் விழுந்தால் பாட்டின் நடை உடனே இடறுகிறது; பிழையைச் சுட்டிக்காட்ட இன்னொருவர் தேவைப்படுவதில்லை. கற்பவர்களுக்கென அமைந்த அகராதிகள், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ஒரு சிறு கோடு இட்டுக் காட்டும். அதைப் பார்த்துச் சரிசெய்து, மீண்டும் உரக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் லிமரிக்கில் தொடங்காதீர்கள். அதற்கு இயைபு, அதாவது வரிகளின் ஈற்று ஒலி ஒத்துவருவது, கட்டாயம் வேண்டும். இயைபைத் தேடி அலையும் புதியவர், வினையைக் கடைசியில் தள்ளியும், தேவையற்ற சொல்லை நுழைத்தும், வாக்கியத்தையே முறுக்கிவிடுகிறார்; கவிதை நடை என்று எண்ணிக்கொண்டு வழக்கொழிந்த பழஞ்சொற்களையும் கையாளத் தொடங்குகிறார். முதலில் ஹைக்கூ நல்லது. ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு அசைகள் என்பது ஜப்பானிய மரபு. ஜப்பானிய ஒலியலகு ஆங்கில அசையைவிடச் சிறியது என்பதால், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலர் அதைவிடக் குறைவாகவே எழுதுகிறார்கள். எண்ணிக்கைப் பயிற்சி வேண்டுமானால், அடலெய்ட் கிராப்ஸி என்ற அமெரிக்கக் கவிஞர் உருவாக்கிய சின்க்வெய்ன் என்ற ஐந்து வரி வடிவத்தை அடுத்து எடுத்துக்கொள்ளலாம். அதன் வரிகளில் முறையே இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, இரண்டு அசைகள் வரும். எட்டு அசை கொண்ட நான்காம் வரியில் ஒரு முழு வாக்கியத்தை எழுதிப் பார்க்க இடம் கிடைக்கிறது.

இயைபுக்கு வரும் காலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பகை தெரியவரும். "லவ்", "மூவ்" ஆகிய இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில் முடிந்தாலும் ஒலி ஒத்துவருவதில்லை. "டே" (நாள்), "வெய்" (எடை போடு), "தெய்" (அவர்கள்) ஆகியவற்றின் ஈறு ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டாலும் ஒலி ஒத்துவருகிறது. இயைபுக்காக நாம் தேடிச் சேர்க்கும் சொற்பட்டியல் ஒவ்வொன்றும் ஓர் உச்சரிப்புப் பாடம்.

இலக்கண அமைப்பு ஒன்றைப் பழக வேண்டும் என்றால், ஒரே தொடக்கத்தை வரிதோறும் திரும்பச் சொல்லும் கவிதை மிக ஏற்றது. கென்னத் கோக் என்ற அமெரிக்கக் கவிஞர் நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகளைக் கவிதை எழுத வைத்து, அந்த அனுபவத்தை 1970இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வரியையும் "ஐ விஷ்" என்று தொடங்குங்கள் என்பதும், "ஐ யூஸ்ட் டு" என்று பழையதைச் சொல்லி, "பட் நவ்" என்று இன்றைய நிலையைச் சொல்லுங்கள் என்பதும் அவர் கையாண்ட வழிகள். ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளுக்கும் பயன்பட்ட அந்த வழிகள், மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு இலக்கணப் பயிற்சியாகவே ஆகிவிடுகின்றன. இல்லாத ஒன்றை விரும்பும்போது "ஐ விஷ்" என்பதற்குப் பின்னால் வினை இறந்தகால வடிவத்தில் வரவேண்டும். அதை நிரப்புக பயிற்சியாகச் செய்தால் சலிப்பு. தம் உண்மையான ஏக்கங்களைத் தாமே ஐந்து வரியில் எழுதும்போது, அந்த வடிவம் சொந்த உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு நினைவில் தங்கிவிடுகிறது.

தமிழில் ஒரு கவிதையை எழுதிவிட்டு அதை ஆங்கிலமாக்க முயல வேண்டாம். நம் மொழியில் வினை இறுதியில் நிற்பதால், வரி முறிவதும் அழுத்தம் விழுவதும் வேறாக இருக்கும். மொழிபெயர்ப்பு என்பது தனிக்கலை, அதற்கு இரண்டு மொழியிலும் முதிர்ச்சி வேண்டும். கண்ணால் கண்ட ஒரு காட்சியிலிருந்து நேராக ஆங்கிலச் சொற்களுக்குச் செல்லுங்கள். சொற்களின் வழக்கமான சேர்க்கையையும் பாருங்கள். மழைக்கு "ஹெவி", காற்றுக்கு "ஸ்ட்ராங்" என்பது ஆங்கில வழக்கு. கவிதையில் இதை மாற்றிப் போட உரிமை உண்டு. மாற்றிப் போடுகிறோம் என்று அறிந்து போட வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: விண்ணப்பம் எழுதுவதையோ அறிக்கை எழுதுவதையோ குறுங்கவிதை கற்றுத் தராது; அவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

எழுதிய கவிதையை நன்கு ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் காட்டும்போது, அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒன்பது சொற்களில் எந்தச் சொல் அவர் காதுக்கு இயல்பாக ஒலிக்கவில்லை என்று கேளுங்கள். அவர் சுட்டிய சொல்லுக்கு மாற்றாக இரண்டு சொற்களை நீங்களே தேடி, மூன்றையும் வரியில் வைத்து உரக்கச் சொல்லிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய வடிவத்தையும் அழிக்காமல் அதே பக்கத்தில் வைத்திருங்கள். முடிந்த கவிதையை மனப்பாடம் செய்வது எளிது. அதன் மூலம் பிழையற்ற மூன்று வரி ஆங்கிலம், சரியான அழுத்தத்தோடு, பேச வேண்டிய நேரத்தில் நாவில் தயாராக இருக்கும்.

நன்றி, வணக்கம்.