வரிசையின் கடைசிப் பிள்ளையும் மாணவத் தலைவரும்

அருள்தந்தை அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிங்கப்பூரின் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி மாணவத் தலைவர்களைப் பற்றித் திருச்சபையின் சமூகப் போதனையோடு சேர்த்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கூலி, சொத்துரிமை, போர், அமைதி என்று பெரியவர்களின் உலகத்தைப் பேசும் அந்தப் போதனைக்கும், பத்து வயதுப் பிள்ளையின் சட்டையில் குத்தியிருக்கும் பொறுப்புச் சின்னத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்குத் தோன்றலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ஒருவருக்கு மற்றவர்மேல் அதிகாரம் கிடைக்கும்போது அந்த அதிகாரம் யாருடைய நன்மைக்காக என்று திருச்சபை விடாமல் கேட்டு வந்திருக்கிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் முதன்முதலாக எதிர்கொள்ளும் இடம் தொடக்கப்பள்ளிதான்.

1891 மே 15ஆம் நாள் திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளர்கள் வயிற்றுக்கும் போதாத கூலிக்கு உழைத்த காலத்தில், உழைப்பவரும் அவர் குடும்பமும் மானத்தோடு வாழும்படி கூலி அமைய வேண்டும் என்றும், சங்கம் அமைப்பது தொழிலாளர்களின் உரிமை என்றும் அம்மடல் வாதிட்டது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை தமக்குப் பதினான்காம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டதற்கு அந்த மடலையே முதன்மைக் காரணமாகச் சொன்னார். இடையில் 1963இல், திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அமைதியைப் பற்றி எழுதிய சுற்றுமடல் கத்தோலிக்கரோடு நிற்காமல் நல்மனம் கொண்ட மக்கள் அனைவரையும் விளித்துப் பேசியது. இந்து, முஸ்லிம், புத்த சமயக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் நம் பள்ளிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. யாரையும் சமயம் மாற்றும் நோக்கமின்றி, யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தாமல், மனித மாண்பையும் பொது நன்மையையும் எல்லாப் பிள்ளைகளோடும் பேச முடியும்.

நம் பள்ளிகள் எதற்காகத் தோன்றின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். லசால் துறவற சபையின் அருள்சகோதரர்கள் 1852இல் இங்கே பள்ளி தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர், விக்டோரியா ஸ்திரீட்டில் பள்ளியோடு அநாதை இல்லத்தையும் நடத்தினார்கள். வளர்க்க வழியற்ற பச்சிளங்குழந்தைகளை மடத்தின் வாயிலில் விட்டுச் செல்வார்கள். கன்னியர் எடுத்து வளர்ப்பார்கள். அந்தக் கட்டடம் இன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் திருமண விருந்துகளும் நிறைந்த இடமாகிவிட்டது. அடுத்த முறை அங்கே போனால் அந்தச் சிறு வாயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கைவிடப்பட்டவர்களுக்காகத் திறந்த கதவுதான் நம் கல்வியின் தொடக்கம்.

இனி, இன்றைய பள்ளிக்கு வருவோம். காலை ஏழரை மணி ஆகிவிட்டது. தொடக்கநிலை 5இல் படிக்கும் மாணவத் தலைவி ஒருத்தி ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வாயிலருகே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், வகுப்பு, நேரம் என்று பக்கத்தில் மூன்று கட்டங்கள். புத்தகப்பை ஒரு தோளில் தொங்க, மூச்சிரைக்க ஒரு சிறுவன் ஓடி வருகிறான். இந்த வாரத்தில் அவன் பெயரை எழுதுவது இது முதல் முறை அல்ல. அவள் எழுதுகிறாள், அவன் தலைகுனிந்து போகிறான். அவனுடைய அம்மா இரவு வேலை முடிந்து திரும்பும்வரை தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்து, அவளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவனால் வர முடிகிறது என்பதை எழுத அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை. அவளிடம் அதைக் கேட்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

அந்தச் சிறுமியிடம் குறை இல்லை; கொடுத்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறாள். வேலையை அவ்வாறு வகுத்துக் கொடுத்தவர்கள் நாம். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூடும் இடத்தில் ஒழுங்கும் பொது நன்மையின் ஒரு பகுதியே. ஆனால் பெயரை எழுதிக்கொடுப்பதோடு தலைமை முடிந்துவிடுகிறது என்று ஒரு பிள்ளை பத்து வயதில் கற்றுக்கொண்டால், மனிதரைவிடப் பட்டியல் பெரிது என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. ‘ஏன் தாமதம், ஏதாவது உதவி வேண்டுமா’ என்று தனியாக, தணிந்த குரலில் கேட்கவும், கேட்டதை எழுதாமலும் தோழிகளிடம் சொல்லாமலும் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லவும் அவளுக்கு நாம் பழக்கலாம். ஒருமைப்பாடு என்பது பிறர் துன்பத்தைக் கண்டு மேலோட்டமாக இரங்குவது அன்று, பொது நன்மைக்காகத் தன்னை ஈடுபடுத்தும் உறுதி என்று 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். பள்ளி வாயிலில் அந்த உறுதி எடுக்கும் வடிவம் இதுதான்.

இதற்கு ஏற்ற ஒரு வழக்கம் நம் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டின் முதல் சில வாரங்களில், தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கு மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்துகிறார்கள். கையிலுள்ள சில்லறையில் எந்த நாணயம் எவ்வளவு என்று காட்டிக்கொடுப்பது, சூடான மீ (நூடுல்ஸ்) கிண்ணத்தைத் தட்டில் வைத்து நடந்து வருகையில் கூடவே நடப்பது, சாப்பிட்டு முடித்ததும் தட்டை எங்கே வைப்பது என்று சொல்வது, கழிப்பறைக்கு வழி காட்டுவது, அம்மாவை நினைத்து அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்தத் துணைவரின் வேலைகள். மாணவத் தலைமையின் மிகச் சிறந்த வடிவம் இதுவே என்று நான் கருதுகிறேன். ஆனால் இதற்குச் சின்னமும் இல்லை, மேடையும் இல்லை. சில வாரங்களில் முடிந்தும் விடுகிறது. இதை ஆண்டு முழுவதும் நீட்டிக்கலாம். நிதியுதவி பெறும் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு பள்ளியிலேயே உணவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. உணவகத்தில் பொறுப்பாக நிற்கும் மாணவத் தலைவர், யார் எந்தப் பணத்தில் சாப்பிடுகிறார்கள் என்று ஆராயாமல், யார் சாப்பிடாமலே இருக்கிறார்கள் என்று கவனிக்கப் பழகினால், வறியவர்க்கு முதலிடம் என்ற போதனை இடைவேளை நேரத்தில் நடைமுறைக்கு வந்துவிடும்.

மாணவத் தலைவர்களை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன். நல்ல மதிப்பெண், தெளிவான ஆங்கிலம், கூட்டத்தின் முன் கூசாமல் பேசும் துணிவு ஆகியவையே பெரும்பாலும் நம் கண்ணில் படுகின்றன. வீட்டில் தமிழ் மட்டுமே பேசிப் பழகி, சபையில் ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளை நம் கணக்கில் வருவதே இல்லை. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். திருத்தூதர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும்படி சமூகத்தையே கேட்டுக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும், ஸ்தேவான் தொடங்கிக் கடைசிவரை, கிரேக்கப் பெயர்கள். எந்த மொழியினர் விடுபட்டுப் போனார்களோ, அவர்கள் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று இதிலிருந்து கருத இடமிருக்கிறது. பந்தியில் விடுபட்டவர்களின் வலி அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்! நாற்பது பேர் வரை இருக்கும் வகுப்பில், பிறர் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் ஒரு பருவமாவது உண்மையான பொறுப்பைத் தந்து பாருங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான பொறுப்பு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் எழுதினார். இன்ன வேலையை இன்னவர் முடிப்பார் என்று ஆராய்ந்தபின் அதை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்று வள்ளுவரும் நமக்குச் சொல்லியிருக்கிறார். நாமோ பிள்ளையின் உரையை நாமே எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மாணவத் தலைவர் கூட்டத்தில் முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்கிறோம். பிள்ளைக்குப் பொறுப்பு கிடைக்கவில்லை என்றால் ஆசிரியருக்கு இரவிலேயே வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறோம். பெற்றோர்களே, கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இடைவேளையில் பந்துகளை எந்த வகுப்பு எந்த நாளில் எடுப்பது என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். முதல் வாரம் சண்டை வரும். அந்தச் சண்டையைத் தீர்க்கும் வழியையும் அவர்களே தேட வேண்டும். நாம் அருகில் இருந்தால் போதும்.

2017 ஜனவரி முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவு வேலையில் பங்கெடுக்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். மாணவத் தலைவர் துடைப்பத்தைப் பிறர் கையில் கொடுத்து மேற்பார்வை பார்க்கக் கூடாது. முதலில் தான் கூட்ட வேண்டும். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கூட்டியபின் எஞ்சியதைச் சுத்தம் செய்யும் அங்கிளின் பெயர் என்ன, எந்த ஊர், அவர் எப்போது சாப்பிடுகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உழைப்பின் மதிப்பு உழைப்பவர் ஒரு மனிதர் என்பதிலிருந்தே வருகிறது என்ற, இரண்டாம் யோவான் பவுலின் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் கருத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முடிக்குமுன் ஓர் எச்சரிக்கை. 2024 செப்டம்பர் 13 அன்று கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளையர்களைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், பகடிவதையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வலுக்குறைந்தவர்களைத் தாக்கும் செயல் அது என்றார். திறன்களும் இயலாமைகளும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும் சொன்னார். பகடிவதையைக் கண்டால் மாணவத் தலைவர் என்ன செய்ய வேண்டும்? பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்கலாம், விளையாட்டுக்கு அழைக்கலாம். அதைத் தாண்டிய சுமையை அந்தச் சிறு தோளில் ஏற்றக் கூடாது. சிறியவர்களால் முடியாததைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் பதினொன்றாம் பயஸ் எழுதிய அதே போதனையின் மறுபாதி. ஆகவே பதவியேற்பு நாளில் மாணவத் தலைவர்கள் உறுதிமொழி சொல்லி முடித்ததும், பொறுப்பாசிரியரும் எழுந்து, ‘நீங்கள் எதைச் சொன்னாலும், எந்த நேரத்தில் சொன்னாலும், நான் கேட்பேன், அன்றே நடவடிக்கை எடுப்பேன்’ என்று பிள்ளைகளின் முன்னிலையில் உறுதி சொல்ல வேண்டும் என்று முன்மொழிகிறேன். வரும் ஆண்டுப் பதவியேற்பிலேயே இதைத் தொடங்க முடியுமா என்று இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் தங்கள் பள்ளி முதல்வர்களிடம் பேசுங்கள்.

நன்றி.