அமெரிக்க மோட்டார்ஹோம் இங்கிலாந்தில்: 10 நிமிடத்தைத் தின்றது யார்?

(திரையில்: மைக்ரோவேவ் அடுப்பின் பச்சை எண்கள்)

இந்த மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து வந்த மோட்டார்ஹோம், அதாவது வீட்டு வசதியோடு ஓடும் வண்டி, இது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்ட்டை 120 ஆக்கியாயிற்று, எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஒரு மணி நேரம் கழிந்தால் கடிகாரத்தில் 50 நிமிடம்தான் நகர்ந்திருக்கும்! மீதி 10 நிமிடம் எங்கே? அதைப் பிடித்தால் உங்கள் ஏசி ஏன் கொதிக்கிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

பின்னணி ஒரே வரியில்: அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலை), பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவ்வளவுதான்.

விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. அவற்றில் கையே வைக்க வேண்டாம்.

"அடாப்டர் போட்டு நேரே சொருகினால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வண்டியின் ஃபிரிட்ஜ் சூட்டைக் கொண்டே குளிரூட்டும் ரகம், அதற்குள் 300 வாட் ஹீட்டர் கம்பி இருக்கிறது என்று வையுங்கள். வோல்ட் இரண்டு மடங்கை நெருங்கினால் வாட் நான்கு மடங்கை நெருங்கும். 300 வாட் கம்பி 1,100 வாட் இழுக்கும், கொஞ்ச நேரம். அப்புறம் இழுக்காது, எப்போதுமே இழுக்காது.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். இது மின்சாரத்தின் அலைகளை எண்ணி ஓடும் ரகம். 60 அலை வந்தால் ஒரு நொடி என்று அதற்குக் கணக்கு. இங்கே வருவது 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. கடிகாரம் பின்தங்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். மோட்டாருக்கு அப்படியில்லை. நொடிக்கு அலை குறைந்தால் ஒவ்வொரு அலையும் நீளும். அலை நீள நீள, மோட்டாரின் இரும்புக் கருவில் காந்தப்புலம் அளவுக்கு மேல் ஏறும். கரு திணறிச் சூடாகும். கணக்கு சுலபம்: வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுங்கள். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 2 வேண்டுமானால் 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 120 கொடுத்தால் 20 சதவீதம் கூடுதல்! போதாக்குறைக்கு ஏசி கம்ப்ரஸரின் வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும். குளிர் குறைவு, சூடு அதிகம். காசு கொடுத்து வாங்கிய ஏசி செய்யும் வேலையா இது?

பிரிட்டனில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மஞ்சள் நிற 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிடக்கும். மலிவு என்று பலருக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் அதில் இரண்டு கம்பியிலும் எர்த்துக்கு எதிராக 55 வோல்ட் இருக்கும். அமெரிக்க பிரேக்கரோ கருப்புக் கம்பியை மட்டும் துண்டிக்கும், வெள்ளையை (அங்கே அதுதான் நியூட்ரல்) விட்டுவிடும். பிரேக்கரை அணைத்த பிறகும் வெள்ளையில் மின்சாரம்! எனக்கு இந்தப் பெட்டி பிடிக்கவே பிடிக்காது.

அந்தக் கருப்பைப் பற்றி இன்னொன்று. நம் ஊரிலும் பழைய பிரிட்டிஷ் வயரிங்கிலும் கருப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்க வண்டியில் அதுதான் கரண்ட் கம்பி. நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

என்னுடைய ஓட்டு பேட்டரிக்குத்தான். 230 வோல்ட் சார்ஜர் ஒன்று 12 வோல்ட் பேட்டரியை நிரப்பட்டும். அதிலிருந்து 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ப்யூர் சைன் இன்வர்ட்டர், அதாவது பேட்டரி மின்சாரத்தைச் சீரான அலையாக மாற்றும் பெட்டி. அதன் 60 அதுவே உருவாக்கிக்கொள்வது, வெளியே என்ன வந்தாலும் கவலையில்லை. கடிகாரமும் சரியாக ஓடும். கேம்ப்சைட்டில் 10 ஆம்பியர்தான் கொடுத்தாலும், மைக்ரோவேவ் இழுக்கும் அந்தச் சில நிமிடத்தைப் பேட்டரி சமாளித்துவிடும். வண்டியோடு வந்த பழைய அமெரிக்க பிரேக்கர் போர்டை இன்வர்ட்டரோடு இணையுங்கள். 230-க்குத் தனியாகச் சின்ன போர்டு, இரண்டு கம்பியையும் துண்டிக்கும் பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி). ஃபிரிட்ஜுக்கு 230 வோல்ட் ஹீட்டர் கம்பி மாற்றினால் போதும். இந்த வேலைக்குத் தகுதியான எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடியோ பார்த்து நீங்களே செய்யாதீர்கள், என் வீடியோவாகவே இருந்தாலும்.

ஏசி மட்டும் பேட்டரிக்குப் பெரிய சுமை. 1,500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல். அதைக் கழற்றிவிட்டு 230 வோல்ட் ஏசி மாட்டலாம். அல்லது வண்டியோடு வந்த ஜெனரேட்டரை வைத்துக்கொள்ளலாம். அது இன்னமும் அசல் 60 ஹெர்ட்ஸ்தான் தரும், பக்கத்து கேரவன்காரர் தூங்கவிட்டால். நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் போடுங்கள்.