ஐந்து துடிப்பா, மூன்று துடிப்பா?

நேயர்களுக்கு வணக்கம்.

சில விண்மீன்கள் ஓயாமல் விரிந்து சுருங்குகின்றன. அவற்றின் ஒளியும் ஏறி இறங்குகிறது. டெல்டா ஸ்கூட்டி வகை விண்மீன்களில் ஓர் ஏற்ற இறக்கம் சில மணி நேரத்துக்குள், சிலவற்றில் அரை மணிக்குள்ளேயே முடிந்துவிடும். 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலம் இவற்றை மேகமோ பகலோ குறுக்கிடாமல் சுமார் 27 நாள் தொடர்ந்து பார்க்கிறது. அப்படியிருந்தும் தரையிலிருந்து பார்த்தே தீரவேண்டிய தேவை இருக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகளில் டெஸ் தன் பார்வைப் பரப்பின் முழுப் படங்களை 30 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் தந்தது. நாளொன்றுக்கு 48 படம். ஒரு விண்மீன் நாளுக்கு 30 முறை துடித்தால், படங்களுக்கு இடையில் நடப்பது பதிவாகாததால், அந்தத் தரவில் நாளுக்கு 30 முறை என்றும் ஒரு துடிப்பு தெரியும், 48-இலிருந்து 30 போக மீதியான 18 முறை என்றும் ஒரு துடிப்பு தெரியும். எது நிஜம், எது நிழல் என்று பிரிப்பது கடினம். தரையில் நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் நான்கு மணி நேரம் எடுங்கள். நிஜம் 30 என்றால் ஐந்து ஏற்ற இறக்கம். 18 என்றால் மூன்று. எண்ணினாலே போதும். ஒளி மாற்றம் நூற்றில் இரண்டு பங்கு இருந்தால், எட்டு அங்குலத் தொலைநோக்கியும் சிசிடி கேமராவும் இதற்குப் போதும்.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம். பக்கத்து விண்மீனின் ஒளியும் அதில் கலந்துவிடும். துடிப்பது எது என்பதைத் தரைப் படம்தான் பிரித்துக் காட்டும். டெஸ்ஸுக்கு நிறமும் தெரியாது. நீல வடிகட்டியிலும் சிவப்பு வடிகட்டியிலும் மாறி மாறி எடுத்துப் பாருங்கள்: துடிக்கும் விண்மீனில் நீலத்தில் மாற்றம் பெரிதாக இருக்கும். ஒட்டிச் சுழலும் இரட்டை விண்மீன் என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வெப்பநிலையும் தற்சுழற்சியும் வேண்டுமானால் நிறமாலை எடுக்கவேண்டும். நம் ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி அதற்கான கருவி.

படமெடுக்கும்போது அதே சட்டகத்தில், ஏறத்தாழ அதே நிறமுள்ள, ஒளி மாறாத இரண்டு விண்மீன்களாவது, ஒளியை ஒப்பிட்டுப் பார்க்க, இருக்கட்டும். நிறம் வேறுபட்டால், விண்மீன் அடிவானத்தை நெருங்கும்போது காற்றுமண்டலமே பொய்யான சரிவை உண்டாக்கும். 30 பாகைக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுவது நல்லது. தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு ஜெர்மன் வகைத் தாங்கி என்றால், விண்மீன் உச்சியைக் கடந்ததும் தொலைநோக்கி மறுபக்கம் திரும்பும். விண்மீன் கேமரா சிப்பின் வேறு மூலைக்குப் போகும். சிப்பின் இடத்துக்கு இடம் மாறும் உணர்திறனைச் சரிசெய்ய அந்தி வானத்தில் எடுத்த சமன்படம் சரியில்லையென்றால், நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் ஒளி வளைகோட்டில் அந்த இடத்தில் ஒரு படி விழும். அதைத் துடிப்பென்று எண்ணிவிடக் கூடாது.

மிக முக்கியமானது நேரம். கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் ஒளி பெற்ற இடைவெளியின் நடு நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றவேண்டும். பூமி சுற்றுப்பாதையில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒளி எட்டு நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரும். அதைத் திருத்தாமல் விட்டால், 48 நிமிடத் துடிப்பில் ஆறு மாத இடைவெளிக்குள் மூன்றில் ஒரு சுற்று வரை பிழை வந்துவிடும். டெஸ் தரவோடு சேர்க்கவே முடியாது.