கொடிச்சீலை வாற நாள்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றம் எல்லாருக்கும் தெரியும். ஆடி அமாவாசையில இருந்து ஆறாம் நாள், காலமை 10 மணி, வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களும் நித்திரை முழிச்சுப் போனில லைவ் பாக்கினம். ஆனா அதுக்கு முதல் நாள் வாற கொடிச்சீலையை, அதான் கொடிமரத்தில ஏத்திற அந்தத் துணியைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்ல, அதைத்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

அது கடையில வாங்கிற துணி இல்ல பாருங்கோ. நெசவுத் தொழில் செய்த செங்குந்தர் பரம்பரை ஆக்கள் தலைமுறை தலைமுறையாக் குடுத்துக்கொண்டு வருகினம். முதல் நாள் வேல்மடம் முருகன் கோயிலில பூசை வச்சு, சின்னத் தேரில ஏத்தி, மேளதாளத்தோட நல்லூர்க் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுப்பினம்.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும், அப்பம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அந்தத் தேருக்குப் பின்னால நடந்தனான். வழி நெடுக நிறைகுடம், குத்துவிளக்கு, சனம் படலையடியில கைகூப்பிக்கொண்டு நிக்குது. நான் சாமி எங்க, சாமி எங்க எண்டு எட்டி எட்டிப் பாக்கிறன், உள்ள சாமியக் காணேல்ல, மடிச்ச துணிதான், மேல பூமாலை. துணியை ஏன் கும்பிடுறியள் எண்டு கேட்டன். அப்பம்மா சேலைத் தலைப்பால என்ர முகத்தைத் துடைச்சுப்போட்டு, "மோன, நாளைக்கு இது மேல போனாத்தான் உன்ர முருகன் வெளிய வருவார்" எண்டா. அதுக்குப் பிறகு திருவிழா 25 நாளும் கோயிலுக்குப் போகேக்க முதல்ல கொடிமரத்தைத்தான் அண்ணாந்து பாப்பன், இப்பவும் அப்படித்தான்.

அதால ஒண்டு கேக்கிறன், மற்ற ஊர்க் கோயிலுகளில கொடிச்சீலை உபயம் எடுக்கிற ஆக்கள் காசைக் கட்டிப்போட்டுப் போகாதேங்கோ, துணியைத் தொட்டுப் பாருங்கோ. பருத்தித் துணி வாங்குங்கோ. முருகனுக்குச் சேவலோ மயிலோ, சிவனுக்கு நந்தி, பிள்ளையாருக்கு எலி, அதைக் கையால கீறுவியுங்கோ. ஒரு ஊர்க் கோயிலில பிரிண்ட் அடிச்ச பொலியெஸ்டர் சீலை பாதி ஏறேக்க முடிச்சு வழுக்கி, கொடி சரிஞ்சு கீழ வந்ததை நானே பாத்தனான், அவ்வளவு சனமும் அரோகரா சொல்ல வாயெடுத்து அப்படியே நிண்டது. திரும்ப இறக்கி, பூசை செய்யிற ஐயா நடுங்கின கையால முடிச்சுப் போட்டுத்தான் ஏத்தினவர். கொடிமரம் சிவன், சீலை ஆன்மா எண்டு பெரியாக்கள் சொல்லுவினம், அப்ப எங்களைத்தானே மேல ஏத்திறது, அந்தத் துணியில கவனம் வேண்டாமோ?

கொடியேத்தத்தோட வந்த கொடிக்கவி எண்ட பாட்டைப் பற்றி விரிவாச் சொல்ல நினைச்சு வந்தனான், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அங்கால டைம் முடியுதெண்டு கை காட்டினம். சிதம்பரத்தில கொடி ஏறாம நிக்க, உமாபதி சிவாச்சாரியார் பாடி ஏறினது எண்டு சொல்லுவினம், சைவ சித்தாந்தம் சொல்லுற மெய்கண்ட சாத்திரம் 14இல அதுவும் ஒண்டு, சின்ன நூல்தான், தேடி எடுத்து வாசியுங்கோ.

இந்தமுறை நல்லூருக்கு லீவு எடுக்கிற ஆக்கள் ஒரு நாள் முன்னுக்கு எடுங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தச் சின்னத் தேர் வாற ரோட்டில நில்லுங்கோ. வணக்கம்.