எல்லாக் கோர்களும் வேலை செய்கின்றனவா?

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மலையில் கணினி பழுது பார்ப்பவன் நான். கணினியின் மூளையான செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்கிறோம். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "நான்கு கோர் என்று சொல்லித்தான் வாங்கினேன். விண்டோஸ் அந்த நான்கையும் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம். இன்றைய விண்டோஸ், லினக்ஸ் இயங்குதளங்கள் கணினி தொடங்கும்போதே எத்தனை கோர்கள் இருக்கின்றன என்று தாமே எண்ணிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் வேலையைப் பங்கிட்டுவிடுகின்றன.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற நிரலைத் திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குப் போய், 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' கட்டத்தில் டிக் போட்டால் கணினி பறக்கும் என்று ஒரு யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. பறக்காது. அந்தக் கட்டம் உச்சவரம்பு வைப்பதற்கானது. குறைந்த கோர்களில் தங்கள் நிரல் எப்படி ஓடும் என்று சோதிக்க நினைப்பவர்களுக்குத்தான் அது பயன்படும். டிக் இல்லாவிட்டால் வரம்பே இல்லை. டிக் போட்டுவிட்டு எண்ணை 1 என்றே விட்டால், அடுத்த முறை தொடங்கும்போது நான்கு கோர் செயலி ஒரே கோரோடு முக்கி முனகும். பூம்பாறையில் பூண்டு வியாபாரம் செய்யும் ஒருவரின் கணினி அந்த நிலையில்தான் என் மேசைக்கு வந்தது. வேகம் கூட்டித் தருகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு யாரோ செய்த வேலை. டிக்கை எடுத்தேன், சரியானது. ஒன்றும் அறியாதவரிடம் இப்படிப் பணம் பறிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு காலத்தில் கைவேலை தேவைப்பட்டது உண்மைதான். இரட்டைக் கோர் செயலிகள் 2005-இல் மேசைக்கணினிகளுக்கு வந்தன. ஒற்றைக் கோரில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவிவிட்டுப் பிறகு செயலியை மட்டும் மாற்றியவர்கள், விண்டோஸுக்கு உள்ளே வன்பொருளோடு பேசும் மென்பொருள் அடுக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலைவலி இப்போது இல்லை.

நீங்களே சோதிக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு, அதாவது செயலியின், வரைபடத்தின் மேல் வலது சொடுக்கி, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் சிறு கட்டங்களாகப் பிரியும். நான்கு கோர் செயலியில் எட்டுக் கட்டங்கள் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஹைப்பர் திரெடிங் வசதி ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் காட்டுகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் என்பிராக் (nproc) என்று தட்டினால் போதும். எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தால் மட்டும், முதலில் அந்த டிக்கையும், பிறகு கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் கோர்கள் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

பலருக்கு எல்லாக் கட்டங்களும் தெரியும், ஆனால் ஒன்று மட்டும் உச்சத்தில் நிற்க, மற்றவை சும்மா கிடக்கும். அது இயங்குதளத்தின் குற்றமல்ல. அந்த நிரல் வேலையைத் துண்டுகளாக்கத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கலாம், அல்லது வேலையே துண்டாகாததாக இருக்கலாம். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களைச் சீர்செய்ய, கோருக்கு ஒரு படமாகக் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்காது. ஒரு படியின் விடை வந்தால்தான் அடுத்த படி என்றிருக்கும் கணக்கில் எத்தனை கோர் இருந்தும் பயனில்லை. பிரிக்க முடியாத பங்குதான் மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கிறது என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே காட்டிவிட்டார்.

ஆகவே கோர்களெல்லாம் சும்மா இருந்தும் கணினி மெதுவாக இருந்தால், அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள். டிஸ்க் நூறு விழுக்காட்டிலேயே நின்றால், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். செலவு செய்வதாக இருந்தால் அதற்குச் செய்யுங்கள். நன்றி, வணக்கம்.